பெண்பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியர், பையன்களுக்கு ஆண் ஆசிரியர்: அறிவியல் வகுப்பைப் பிரிக்கலாமா?

தேக்கா தொண்டூழியர் | சனி, இரவு 9:10

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்து அறையில் சனிக்கிழமை மாலை நாங்கள் நடத்தும் இலவசத் துணைப்பாட வகுப்பில் தொடக்கநிலை 5 அறிவியலுக்கு 12 பிள்ளைகள். 7 பெண்பிள்ளைகள், 5 பையன்கள். செயற்குழுவில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. பெண்பிள்ளைகள் வாய் திறப்பதில்லை, கடைசிப் பயிற்சித்தாளில் அவர்கள் சராசரியும் கொஞ்சம் கீழே, ஆகவே வகுப்பை இரண்டாகப் பிரித்து அவர்களைப் பெண் ஆசிரியரிடம் விடலாம் என்கிறார்கள். ஆசிரியர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் ஆண், ஒருவர் பெண். அடுத்த பாடம் மின்சுற்று. மின்சுற்றுப் பெட்டி மூன்றுதான் உண்டு.

ஆணும் பெண்ணும் அறிவியல் கற்பிக்கும் விதம் உண்மையிலேயே வேறா? அதனால் பிள்ளையின் மதிப்பெண் மாறுமா? "எங்கள் காலத்தில்" கதைகள் வேண்டாமே. ஆய்வும் செய்முறையும் தெரிந்தவர்கள் சொன்னால் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு உதவும்.

ஈசூன் வாசி | சனி, இரவு 9:34

பிரித்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். இங்கே பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளிகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று எல்லாருக்கும் தெரியும். ஆண் ஆசிரியர் விறுவிறு என்று போவார், போட்டி வைப்பார், முந்திச் சொல்பவனைத் தட்டிக்கொடுப்பார். பெண் ஆசிரியர் உட்கார்த்தி வைத்துப் பொறுமையாக விளக்குவார். பெண்பிள்ளைகளுக்கு எது ஒத்துவரும் என்று ஆய்வு செய்துதான் தெரிய வேண்டுமா?

எண்கணக்கர் | சனி, இரவு 10:21

ஈசூன் வாசி, அந்தப் பள்ளிகளுக்குள் நுழையும்போதே பிள்ளைகள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் புள்ளிகளால் சலித்து எடுக்கப்பட்டவர்கள். சலித்த அரிசியில் கல் குறைவாக இருப்பதற்கு உலைமூடியைப் பாராட்ட முடியாது. சலிப்பையும் குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. 2014இல் பால்கி, ஹைட், ஆலிசன் மூவரும் 21 நாடுகளைச் சேர்ந்த 184 ஆய்வுகளை, ஏறத்தாழ 16 லட்சம் மாணவர்களின் தரவை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். ஒழுங்காகக் கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்தால், ஒருபால் வகுப்புக்கும் கலப்பு வகுப்புக்கும் இடையே அறிவியலிலும் கணிதத்திலும் இருந்த வித்தியாசம் பேருக்குத்தான்.

இனி ஆசிரியர் ஆணா பெண்ணா என்பது. இதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை, ஆனால் காது கொடுத்தால் ஒரு ஒழுங்கு தெரியும்.

தாமஸ் டீ 2007இல் வெளியிட்டது: அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். ஒரே பிள்ளை ஒரு பாடத்தில் ஆண் ஆசிரியரிடமும் இன்னொன்றில் பெண் ஆசிரியரிடமும் படிக்கும்போது என்ன ஆகிறது என்று பார்த்தார். தன் பாலைச் சேர்ந்த ஆசிரியரிடம் இருபாலாரும் கொஞ்சம் மேலே. அந்தக் "கொஞ்சம்" மிகச் சிறியது.

கேரல், பேஜ், வெஸ்ட், 2010: அமெரிக்க விமானப்படைக் கழகம். அங்கே எந்த மாணவர் எந்தப் பேராசிரியரிடம் என்பது குலுக்கல் மாதிரி, தேர்வுத்தாளும் பொது. ஆகவே சலிப்புப் பிரச்சினை கிடையாது. கணித, அறிவியல் அறிமுகப் பாடங்களில் பேராசிரியர் ஆணா பெண்ணா என்பது ஆண் மாணவர்களைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பெண் மாணவர்களைப் பாதித்தது, அதிலும் கணிதத்தில் கெட்டிக்காரப் பெண்களை மிக அதிகமாக. அவர்கள் தொடர்ந்து அறிவியல் துறையில் இருந்தார்களா என்பது வரை அது போயிற்று.

லிம்மும் மீரும் 2017இல் தென்கொரிய நடுநிலைப்பள்ளிகளில் பார்த்தது நமக்கு இன்னும் பக்கம். அங்கேயும் பிள்ளைகளை வகுப்புகளுக்குப் பிரிப்பது குலுக்கலில்தான். பெண் ஆசிரியரிடம் பெண்பிள்ளைகள் மேலே போனார்கள். ஏன் என்று கேட்டுத் தோண்டினால், "இந்த ஆசிரியர் வகுப்பில் எல்லாருக்கும் சமமாக வாய்ப்புத் தருகிறார்" என்று அந்தப் பெண்பிள்ளைகள் சொன்னது வெளியே வந்தது.

அந்த வரியைக் கூட்டத்தில் ஒருமுறைக்கு இரண்டுமுறை படியுங்கள். வாய்ப்புத் தருவது எந்த ஆசிரியரும் செய்யக்கூடிய வேலை.

இன்னொரு முனையும் உண்டு. 2010இல் பீலாக் குழு 17 பெண் ஆசிரியர்களின் முதல், இரண்டாம் வகுப்புகளைப் பார்த்தது. ஆசிரியைக்கே கணிதப் பயம் இருந்த வகுப்புகளில் ஆண்டு முடிவில் பெண்பிள்ளைகளின் கணிதம்தான் இறங்கியது, பையன்களுடையது இல்லை. மின்சுற்றைக் கண்டாலே ஒதுங்குகிற ஆசிரியையிடம் 7 பெண்பிள்ளைகளை மொத்தமாக ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று செயற்குழு யோசிக்கட்டும்.

பார்வையாளர் 27 | சனி, இரவு 10:40

உலைமூடி, சூப்பர்.

கண்ணாடிக்குடுவை | ஞாயிறு, காலை 7:55

"ஆண் பாணி, பெண் பாணி" என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. தொடக்கப்பள்ளியில் இங்கே ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம், எல்லாரும் பயிற்சி பெறுவது தேசியக் கல்விக் கழகத்தில், எல்லாரும் பிடித்துக்கொள்வது அதே ஐந்து படி: ஆர்வமூட்டு, ஆராய், விளக்கு, விரிவாக்கு, மதிப்பிடு. பாணி வேறுபாடு ஆளுக்கு ஆள் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் இருப்பதைவிட ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நடுவில்தான் அது பெரிது.

கவனிக்க வேண்டியது வேறு. ஒரு பாடவேளையில் யாரிடம் என்ன கேள்வி போகிறது, பதிலுக்கு எத்தனை நொடி காத்திருக்கிறோம், பதில் வந்த பிறகு என்ன சொல்கிறோம். இந்த மூன்றையும் நாம் சரியாகச் செய்வதாகத்தான் எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம். எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு.

ஆலிசன் கெல்லி 1988இல் 81 ஆய்வுகளைத் திரட்டிச் சொன்னது: வகுப்பில் ஆசிரியரின் கவனத்தில் பெண்பிள்ளைகளுக்குப் போனது 44 விழுக்காடு. ஆசிரியர் ஆணானாலும் பெண்ணானாலும் சாய்வு இருந்தது. காரணம் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லை. கையைத் தூக்காமலே பதிலைக் கத்துகிற பிள்ளைக்கு நாம் பதில் சொல்லிவிடுகிறோம், அவ்வளவுதான்.

காத்திருப்பு நேரம் மேரி பட் ரோ 1970களில் அளந்தது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். மூன்று நொடி என்பது சொல்லும்போது சின்னது. வகுப்பில் நிற்கும்போது ஒரு யுகம். மனத்துக்குள் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று" என்று எண்ணுங்கள். பதில் வந்த பிறகும் உடனே "சரி" என்று சொல்லாமல் இன்னொரு மூன்று நொடி. இந்த இரண்டாவது இடைவெளியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அதில்தான் "ஏனென்றால்..." வரும்.

தேக்கா தொண்டூழியர் | ஞாயிறு, காலை 10:02

டீச்சர், எண்ணிப் பார்ப்பது என்றால் எப்படி? எங்களிடம் ஆள் இருக்கிறது, என்ன குறிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

கண்ணாடிக்குடுவை | ஞாயிறு, மதியம் 12:30

ஒரு ஏ4 தாள் போதும். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வரிசைப்படியே கட்டம் போடுங்கள், கட்டத்துக்கு ஒரு பெயர். ஒருவர் பாடம் நடத்தட்டும், மற்றவர் பின்னால் உட்கார்ந்து 20 நிமிடம் மட்டும் குறிக்கட்டும். அதற்கு மேல் கை ஓயும், குறிப்பு கெடும்.

ஆசிரியர் ஒரு பிள்ளையிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அந்தக் கட்டத்தில் ஓர் எழுத்து. "நி" என்றால் நினைவுக் கேள்வி: "இந்தக் குறியீட்டின் பெயர் என்ன?" "ஏ" என்றால் ஏன், எப்படி: "இந்தப் பல்பைக் கழற்றினால் அந்தப் பல்பு ஏன் அணைகிறது?" பிள்ளை கூப்பிடாமலே கத்தியிருந்தால் அந்த எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம். பாராட்டு வந்தால் அது எதற்கு என்று பாருங்கள். கருத்துக்கு என்றால் ஒரு நட்சத்திரம், அழகான கையெழுத்துக்கும் சுத்தமான படத்துக்கும் என்றால் ஒரு கோடு. பெண்பிள்ளைகளின் கட்டங்களில் "நி"யும் கோடும், பையன்களின் கட்டங்களில் "ஏ"யும் நட்சத்திரமும் என்று வந்தால் உங்கள் செயற்குழு தேடுகிற விடை அந்தத் தாளிலேயே இருக்கிறது.

முக்கியமான ஒன்று: முதல் வாரம் பாடம் நடத்துபவருக்கு என்ன குறிக்கிறீர்கள் என்று சொல்லாதீர்கள். தெரிந்தால் அன்று மட்டும் எல்லாரிடமும் கேட்பார். யாராவது அவரைக் கவனிக்கப் போகிறார்கள் என்பதற்கு மட்டும் முன்பே சம்மதம் வாங்கிவிடுங்கள்.

எண்கணக்கர் | ஞாயிறு, மதியம் 1:15

டீச்சர் சொன்ன தாளை வைத்துக் கணக்குப் போடும்போது ஒரு குழி இருக்கிறது. ஓர் உதாரணக் கணக்கு. 20 நிமிடத்தில் 30 கேள்விகள். பெண்பிள்ளைகளுக்கு 13, பையன்களுக்கு 17 என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தைப் பார்க்காதீர்கள், தலைக்கு எத்தனை என்று பாருங்கள். 13ஐ 7ஆல் வகுத்தால் 1.9. 17ஐ 5ஆல் வகுத்தால் 3.4. பெரிய சாய்வு என்று தோன்றும்.

இப்போது பையன்களைத் தனித்தனியாகப் பாருங்கள். அந்த 17இல் 11 கேள்வி இரண்டே பையன்களுக்குப் போயிருந்தால்? மீதி மூன்று பையன்களுக்குத் தலைக்கு 2. பெண்பிள்ளைகளின் நிலைமைதான் அவர்களுக்கும். அப்போது நீங்கள் பார்ப்பது ஆண், பெண் பிரச்சினை என்பதைவிட இரண்டு வாயாடிகளின் பிரச்சினை. டோபினும் கேலகரும் 1987இல் ஆஸ்திரேலிய அறிவியல் வகுப்புகளில் இதைத்தான் கண்டார்கள். வகுப்பு முழுவதும் பங்கெடுப்பதுபோல் தெரியும், உண்மையில் மூன்று முதல் ஏழு பிள்ளைகள் பாடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவர்களில் பையன்கள் அதிகம் என்பதும் உண்மை. ஆனால் வகுப்பைப் பிரித்தால் உங்கள் மூன்று அமைதியான பையன்களை அந்த இரண்டு பேரோடு ஓர் அறையில் பூட்டிவிடுகிறீர்கள்.

அந்த மதிப்பெண் சராசரியையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். வகுப்பின் திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, 12 என்று வைத்தால், 7 பேருக்கும் 5 பேருக்கும் இடையிலான சராசரி வித்தியாசத்தின் திட்டப்பிழை, அதாவது தற்செயலாகவே அது ஏறி இறங்கக்கூடிய அளவு, சுமார் 7. ஐந்து மதிப்பெண் வித்தியாசம் அடுத்த வாரத் தாளில் தலைகீழாகக்கூட வரலாம். ஒரு பிள்ளைக்கு அன்று காய்ச்சல் என்றாலே போதும்.

ஈசூன் வாசி | ஞாயிறு, மாலை 4:48

சரி, பள்ளி விஷயத்தில் என் வாதம் ஓட்டை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூளை வேறுபாடு என்று ஒன்று இருக்கிறதே? பையன்கள் பார்த்தும் தொட்டும் கற்பவர்கள், பெண்பிள்ளைகள் கேட்டும் எழுதியும் கற்பவர்கள். கற்றல் பாணி என்று ஆசிரியர் பயிற்சியிலேயே சொல்லித்தந்தார்களே.

எண்கணக்கர் | ஞாயிறு, மாலை 5:20

சொல்லித்தந்தார்கள், உண்மை. 2008இல் பாஷ்லர் குழு அலசிப் பார்த்தபோது, பிள்ளையின் "பாணி"க்கு ஏற்றபடி கற்பித்தால் அது அதிகம் கற்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு விதிவிலக்கு: ஒரு பொருளை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் திறன். அதில் சராசரி ஆண், பெண் வேறுபாடு திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஆனால் அது பயிற்சியால் ஏறக்கூடியது. 2013இல் உட்டல் குழு 217 பயிற்சி ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து அதைக் காட்டியது. பயிற்சி இருபாலாரையும் ஏற்றுகிறது.

மின்சுற்று | ஞாயிறு, இரவு 8:05

திருப்பிப் பார்க்கும் திறன் மின்சுற்றில் நேராக வந்து உட்காருகிற இடம் ஒன்று சொல்கிறேன். மேசையில் கிடக்கும் சுற்றைப் பார்த்துச் சுற்றுப்படம் வரையச் சொல்லுங்கள். பிறகு அதே பலகையைக் கால்வட்டம் திருப்பி மறுபடி வரையச் சொல்லுங்கள். இரண்டு படமும் ஒன்றுதான் என்று பிள்ளை கண்டுபிடிக்கும் வரை விடாதீர்கள். கம்பிகளை மறைத்து வைத்த அட்டையில் ஏ, பி, சி, டி என்று நான்கு புள்ளி மட்டும் தெரிகிற கேள்வி இருக்கிறதே, அதற்கும் இதுவே பயிற்சி.

ஆனால் நான் சொல்ல வந்தது கையைப் பற்றி. செய்முறை நடக்கும்போது மேசைகளைப் பாருங்கள், முகங்களைப் பார்க்காதீர்கள், கைகளை மட்டும். ஒரு கை கம்பியைப் பிடிக்கும். ஒரு கை பென்சிலைப் பிடிக்கும். நாலு பேர் குழு என்றால் மூன்றாவது கை பல்பைப் பிடுங்கும், நாலாவது கை மேசைக்கடியில் இருக்கும். மூன்று பையன், ஒரு பெண் என்று குழு போட்டால் பென்சில் யாரிடம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2020இல் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியல் ஆய்வகத்தில் பார்த்தார்கள். படிப்படியாகச் சொல்லிக்கொடுத்த ஆய்வகத்தில் இந்த வேலைப் பிரிவினை தெரியவில்லை. "நீங்களே கண்டுபிடியுங்கள்" என்று திறந்துவிட்ட ஆய்வகத்தில் ஆண்கள் கருவி பக்கம், பெண்கள் கணினி பக்கம். திறந்த ஆய்வுமுறை நல்லதுதான். யார் எதைச் செய்வது என்று நாம் சொல்லாவிட்டால் பழைய வழக்கம் உள்ளே புகுந்து சொல்லிவிடும்.

ஆகவே இரண்டிரண்டு பேர். மூன்று பேர் வேண்டாம், மூன்றாவது ஆள் எப்போதும் வேடிக்கை பார்ப்பார். 12 பேருக்கு 6 பெட்டி. ஒரு ஜோடிக்கு:

1.5 வோல்ட் ஏஏ மின்கலம் 2, ஒற்றை மின்கலத் தாங்கி 2
2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பு 2, தாங்கியோடு
சுவிட்ச் 1
முதலைக் கவ்வி வைத்த கம்பி 7 (வேண்டியது 6, ஒன்று கைவசம்)

சுற்றுகள் ஆறு, ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம்: 1. ஒரு மின்கலம், ஒரு பல்பு. 2. இரண்டு மின்கலம், ஒரு பல்பு. 3. இரண்டு மின்கலம், தொடரில் (ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக) இரண்டு பல்பு. 4. அதே தொடரில் பல்புகளை இடம் மாற்றிப் பார்ப்பது. 5. பக்க இணைப்பில் (தனித்தனிப் பாதையில்) இரண்டு பல்பு. 6. அதில் ஒரு பல்பைக் கழற்றிப் பார்ப்பது.

ஒவ்வொரு சுற்றுக்கும் வேலை மாற்ற வேண்டும். ஒருவர் இணைப்பார், மற்றவர் எழுதுவார், அடுத்ததில் மாறுவார்கள். பாடத்துக்குப் பாடம் மாற்றினால் போதாது, போன வாரம் யார் செய்தார் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. சட்டம் ஒன்றே ஒன்று: எழுதுபவர் தவறைக் கண்டால் விரலால் காட்டலாம், வாயால் சொல்லலாம், கை வைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை மீறுவது யார் என்று பாருங்கள், சிரிப்பு வரும். சில சமயம் ஆசிரியரே மீறுவார், அதுவும் பெண்பிள்ளையின் மேசையில்தான். "கொடும்மா, நான் போட்டுத் தருகிறேன்" என்பார். பையனிடம் "இன்னொரு முறை பார்" என்பார்.

கண்ணாடிக்குடுவை | ஞாயிறு, இரவு 9:17

மின்சுற்று சார், பட்டியல் அருமை, ஆனால் மாற்றி மாற்றி என்பதில் ஓட்டை இருக்கிறது. உங்கள் வரிசையில் புதிதாகக் கட்ட வேண்டிய சுற்றுகள் 1, 3, 5. மற்ற மூன்றும் இருப்பதில் ஒன்றைச் சேர்ப்பது, மாற்றுவது, கழற்றுவது. ஒன்றுவிட்டு ஒன்று மாற்றினால் முதலில் தொடங்குகிற பிள்ளைக்கே தொடர், பக்கம் இரண்டும் கட்டக் கிடைக்கும். மற்றவருக்குத் திருகுகிற வேலை மட்டும். முதலில் தொடங்குவது யார் என்று பிள்ளைகளிடமே விட்டால் வாய் வேகமானவர்தான் தொடங்குவார். எண்ணிக்கையில் சமம், வேலையில் சமமில்லை.

முதல் ஆள் 1, 4, 5. இரண்டாம் ஆள் 2, 3, 6. அப்படிப் பிரித்தால் ஒருவர் தொடர் கட்டுவார், மற்றவர் பக்கம் கட்டுவார். யார் முதல் ஆள் என்பதற்கு நாணயம் சுண்டுங்கள்.

மின்சுற்று | ஞாயிறு, இரவு 9:31

ஆமாம் டீச்சர், கவனிக்கவில்லை. 1-4-5, 2-3-6. சரிதான்.

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கருவி சதி செய்தால் பயந்த பிள்ளை "என்னால்தான்" என்று பின்வாங்கிவிடும். அது எந்தப் பிள்ளை என்று உங்களுக்கே தெரியும்.

ஒன்று, தொடர் சுற்றை ஒரு மின்கலத்தில் கட்டினால் ஒவ்வொரு பல்புக்கும் 0.75 வோல்ட்தான். 2.5 வோல்ட் பல்பில் அது கண்ணுக்கே தெரியாது. சுற்று சரியாக இருந்தும் பிள்ளை எல்லாவற்றையும் பிரித்துவிடும். இரண்டு மின்கலம் போட்டாலும் மங்கல்தான், பல்பைக் கையால் மறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு, வேறு வேறு பெட்டியிலிருந்து எடுத்த பல்புகள். தொடரில் ஒன்று பிரகாசமாகவும் ஒன்று மங்கலாகவும் எரியும். உடனே பிள்ளை எழுதும்: "முதல் பல்பு மின்னோட்டத்தைச் சாப்பிட்டுவிட்டது, மீதிதான் அடுத்ததற்கு." இந்தத் தவறான எண்ணம் ஒட்டிக்கொண்டால் உயர்நிலை வரை விட்டுப் போகாது. அதற்காகத்தான் நாலாவது சுற்று. இடம் மாற்றினால் பிரகாசம் பல்போடு கூடவே போகும், இடத்தோடு நிற்காது. அதைக் கண்ணால் பார்த்த பிள்ளை பிறகு அப்படி எழுதாது.

மூன்று, பழைய மின்கலம். பக்க இணைப்பில் இரண்டாவது பல்பைச் சேர்த்ததும் இரண்டும் மங்கும், புத்தகமோ "மாறாது" என்கிறது. மின்கலத்தின் உள்தடை, அதாவது மின்கலத்துக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை, அதுதான் காரணம். புது ஆல்கலைன் போடுங்கள்.

நான்கு, கவ்வி கம்பியின் பிளாஸ்டிக் மேல் கடித்திருக்கும். பத்தில் பாதி "எரியவில்லை டீச்சர்" அதுதான். மின்கலத்தின் இரு முனையையும் வெறும் கம்பியால் இணைத்தால் சூடாகும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பர்னர் | திங்கள், காலை 6:50

உயர்நிலை வேதியியல் பக்கத்திலிருந்து. தொடக்கநிலையில் பென்சில் பிடித்தே வளர்ந்த பிள்ளைக்கு அதன் விலை உயர்நிலை நான்கில் தெரியும். சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வில் தனி அறிவியல் பாடத்தின் செய்முறைத் தாள் 1 மணி 50 நிமிடம், மொத்தத்தில் 20 விழுக்காடு. அங்கே கூட்டாளி யாரும் இருக்க மாட்டார்கள். பியூரெட் என்ற அளவிடும் கண்ணாடிக் குழாயை 0.05 கன சென்டிமீட்டர் வரை படிக்க வேண்டும். குழாய்முனையில் காற்றுக்குமிழி இருந்தால் முதல் அளவு பொய். புனலை எடுக்க மறந்தால் நடுவில் ஒரு சொட்டு விழும். இவையெல்லாம் விரலுக்குத் தெரிய வேண்டியவை. கூட்டாளி சொல்லச் சொல்ல நாலு வருடம் அட்டவணை நிரப்பியவருக்குத் தியரியில் முழு மதிப்பெண் வரும், இதில் கை நடுங்கும். பிறகு "அவளுக்குச் செய்முறை வராது" என்பார்கள்.

அடைப்புக்குறியில் ஒன்று: இந்த ஊரில் பெண்களுக்கு அறிவியல் மதிப்பெண் வந்ததா என்பது பிரச்சினையாக இருந்ததே இல்லை. பல்கலைக்கழக மருத்துவப் படிப்பில் 1979 முதல் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதை எடுப்பதாக அறிவித்தது 2002 இறுதியில். வரம்பு போட்டதே, போடாவிட்டால் அதற்கு மேல் வந்துவிடுவார்கள் என்பதால்தானே.

ஈசூன் வாசி | திங்கள், காலை 7:25

அந்த வரம்பு 2002 வரை இருந்தது தெரியாது. நன்றி.

தேக்கா தொண்டூழியர் | திங்கள், இரவு 8:40

பிரிக்க வேண்டாம் என்றுதான் கூட்டத்தில் சொல்லப் போகிறேன். இரண்டு ஆசிரியர்களும் ஒரே அறையில், ஒருவர் நடத்த, ஒருவர் குறிக்க, அடுத்த வாரம் மாற்றி. ஒரு சந்தேகம் பாக்கி. பையன்கள் எம்சிகியூவில் (தெரிவு விடைக் கேள்விகளில்) நன்றாகச் செய்து விளக்க விடையில் கோட்டை விடுகிறார்கள். பெண்பிள்ளைகள் நேர்மாறு. இது நம் திருத்தலின் கோளாறா?

எண்கணக்கர் | திங்கள், இரவு 9:05

இரண்டும் இருக்கலாம். ரியர்டன் குழு 2018இல் அமெரிக்காவில் 80 லட்சம் பிள்ளைகளின் தேர்வுத் தரவைப் பார்த்தது. தெரிவு விடையில் பையன்களும் எழுத்து விடையில் பெண்பிள்ளைகளும் ஒப்பளவில் மேலே வந்தார்கள். மாநிலத்துக்கு மாநிலம் காணும் ஆண், பெண் இடைவெளி வேறுபாட்டில் கால்வாசியைத் தேர்வின் வடிவமே விளக்கியது. ஆகவே எம்சிகியூ மட்டும் வைத்து "பெண்பிள்ளைகள் பின்தங்கல்" என்று முடிவுகட்டாதீர்கள். உங்கள் கடைசிப் பயிற்சித்தாள் எந்த வகை?

தேக்கா தொண்டூழியர் | திங்கள், இரவு 9:12

முழுவதும் எம்சிகியூ. 😐

கண்ணாடிக்குடுவை | திங்கள், இரவு 10:00

அதுதான் பார்த்தேன்.

திருத்தலைப் பற்றி. லாவியும் சாண்டும் இஸ்ரேலில் ஆசிரியர் பெயர் தெரிந்து திருத்திய தாளையும் பெயர் தெரியாமல் வெளியே திருத்திய தாளையும் ஒப்பிட்டார்கள். கணிதத்தில் சில ஆசிரியர்கள் பையன்கள் பக்கம் சாய்ந்தார்கள், அந்தச் சாய்வு பிள்ளைகளைப் பின்னாளில் உயர்நிலையில் கணித, அறிவியல் பாடங்களைத் தெரிவு செய்வது வரை தொடர்ந்தது. வேறு நாட்டு ஆய்வுகளில் சாய்வு பெண்பிள்ளைகள் பக்கமும் வந்திருக்கிறது. எந்தப் பக்கம் என்று ஊகிக்க வேண்டாம், பெயரை மூடிவிடுங்கள். பெயரைத் தாளின் பின்பக்கம் எழுதச் சொன்னால் போதும்.

தாள் தாளாகத் திருத்தாமல் கேள்வி கேள்வியாகத் திருத்துங்கள், 12 பேருடைய 1ஆம் கேள்வி, பிறகு 12 பேருடைய 2ஆம் கேள்வி. முன்விடையின் நல்லெண்ணம் அடுத்த விடைக்குத் தாவாது.

ஒரு கேள்வியை எடுத்துக் காட்டுகிறேன். குளிர்ந்த நீர் ஊற்றிய கண்ணாடிக் குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் ஏன் வந்தன? 2 மதிப்பெண். பிள்ளைகள் எழுதுவது ஆங்கிலத்தில், ஆனால் தேட வேண்டியது இந்தச் சங்கிலியை: சுற்றியுள்ள காற்றின் வெப்பமான நீராவி, குவளையின் குளிர்ந்த வெளிப்பரப்பைத் தொட்டு, வெப்பத்தை இழந்து, ஒடுங்கி நீர்த்துளியானது.

ஒரு தாளில் நாலு வரி, முத்து முத்தான எழுத்து, குவளைப் படம் வேறு: "குவளை மிகவும் குளிர்ச்சியாக இருப்பதால் சுற்றியுள்ள காற்று குளிர்ந்து அழகிய சிறு நீர்த்துளிகளாக மாறி வெளிப்புறத்தில் படிகிறது." இன்னொரு தாளில் கோழிக் கிறுக்கல், ஒன்றரை வரி: "காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த குவளையைத் தொட்டு வெப்பம் இழந்து நீரானது." களைத்த கை முதலாவதற்கு 2, இரண்டாவதற்கு 1 போடும். இருக்க வேண்டியது நேர்மாறு. காற்று நீராகாது, காற்றிலுள்ள நீராவிதான் நீராகும். முதல் விடையில் வெப்பம் இழப்பது என்ற கண்ணியே இல்லை. அந்த நாலு வரிக்கு மதிப்பெண்ணை அள்ளிக்கொடுப்பது அந்தப் பிள்ளைக்கு நன்மை மாதிரி தெரியும். எழுத்துக்கு வாங்கிய 2 அது, கருத்துக்கு இல்லை. தேர்வில் திருத்துபவர் தரமாட்டார், அப்போது அவள் எங்கே தவறினாள் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

கோழிக் கிறுக்கலுக்கு மருந்து வேறு. வாயால் சொல்லச் சொல்லுங்கள், சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்கள், "எது, எதைத் தொட்டு, எதை இழந்து, எதுவானது" என்று நாலு கட்டம் போட்ட தாள் கொடுங்கள். மூன்று வாரத்தில் கட்டத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டம் இல்லாமல் எழுதவே வராது.

தேக்கா தொண்டூழியர் | செவ்வாய், இரவு 10:35

கூட்டம் முடிந்தது. பிரிக்கவில்லை. எண்ணும் தாளுக்கு ஒத்துக்கொண்டார்கள், பெயர் மூடித் திருத்துவதற்கும். இன்னும் மூன்று பெட்டிக்குப் பணம் ஒதுக்கியாயிற்று. நாளை மாலை மின்பொருள் கடைகள் உள்ள சிம் லிம் டவருக்குப் போகிறோம். மின்சுற்று அண்ணா, வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மின்சுற்று | செவ்வாய், இரவு 10:52

பல்பின் உலோகக் கழுத்தில் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று பொறித்திருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். 6 வோல்ட் பல்பும் பார்க்க அதே மாதிரி இருக்கும், தொடரில் எரியவே எரியாது. பழைய மூன்று பெட்டியின் பல்புகளைப் புதியவற்றோடு கலக்காதீர்கள். 18 பல்பாக ஒரே பெட்டியிலிருந்து கேளுங்கள், 12 வகுப்புக்கு, 6 உடைவதற்கு. தாங்கியில் திருகிப் பார்த்து வாங்குங்கள், சில தாங்கியில் அடித்தகடு தாழ்ந்திருக்கும், பல்பு தொடாது. அப்படி இருந்தால் தகட்டைச் சின்னத் திருப்புளியால் கொஞ்சம் நிமிர்த்தினால் சரி. மின்கலத்தைக் கழற்றிவிட்டு நிமிர்த்துங்கள்.